பட்டுப் புடவையில் விழுந்த ஒரு கட்டி ஃபவுண்டேஷன்

திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாள் என்றால் எனக்கு ராத்திரி ஒன்றரைக்கே விடிந்துவிடும். முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த ஊர் என்பதால் ஒரே காலையில் கல்யாணத்துக்கு மேல் கல்யாணமாக நடக்கும். சன்னதித் தெருப் பக்கத்து லாட்ஜுகளில் அறைக்கு ஒரு மணப்பெண், ஒரு கண்ணாடி, விட்டு விட்டு எரிகிற ஒரு டியூப்லைட். ஒன்பது வருஷமாக இந்த அறைகளில்தான் மேக்கப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் இது மேக்கப் டிப்ஸ் பதிவு இல்லை. பாட்டில் பற்றிய பதிவு.

போன தை மாசம், நாலரை மணி முகூர்த்தம், பொண்ணு வந்து சேர்ந்ததே மூணு மணிக்கு. வழக்கமாக மேக்கப் முடிந்த பிறகுதான் புடவை கட்டுவோம், அன்றைக்கு அவசரத்தில் அத்தை ஒருத்தர் முதலிலேயே கட்டிவிட்டுவிட்டார். அரக்குப் பட்டு, கையகல ஜரிகை. மடியில் துண்டைப் போட்டுவிட்டு, முகம் முழுக்க முதலில் பூசுகிற நிறப் பூச்சான ஃபவுண்டேஷன் பாட்டிலைக் கவிழ்த்தேன். 30 மி.லி. கண்ணாடி பாட்டில், பம்ப் கிடையாது, வெறும் வாய்தான். வரவில்லை. தட்டினேன், வரவில்லை. இன்னொரு தட்டுத் தட்டியதும் மொத்தமாக ஒரு கட்டி வந்து, பாதி என் உள்ளங்கையில், பாதி துண்டு விலகியிருந்த இடத்தில்.

"ஏம்மா, பட்டுல கொட்டிட்டியே!" என்று பொண்ணோட அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் தொட்டுத் துடைத்தால் திட்டு இன்னும் பரவும், அதனால் டிஷ்யூவால் ஒற்றி, டால்கம் பவுடரை அள்ளிப் போட்டு, எண்ணெயை அது இழுத்ததும் தட்டிவிட்டு, கொசுவத்தை அவிழ்த்துக் கறை உள்ளே போகிற மாதிரி மடித்துக் கட்டினோம். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பேசிய தொகையில் ஐந்நூறு குறைத்துத்தான் தந்தார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபவுண்டேஷனில் நிறம் தருவது இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும். கனமான பொடிகள், திரவத்தில் மிதந்தபடி நிற்க வேண்டும். அடியில் தங்கிவிடக் கூடாது என்பதற்காக அதைச் சும்மா இருக்கும்போது கெட்டியாகவும், தேய்த்தால் இளகுகிற மாதிரியும் தயாரிக்கிறார்கள். புளித்த தோசைமாவை நினைத்துக்கொள்ளுங்கள், கரண்டி போட்டுக் கலக்கினால் இளகும், விட்டால் மறுபடி இறுகி நிற்கும். இப்படிப்பட்ட சரக்கை வெறும் வாய் வைத்த பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? தட்டுகிற வரை இறுகியே இருக்கும், இளகியதும் ஒரேயடியாக வரும். இவ்வளவு யோசித்துத் தயாரிக்கிறவர்கள் பாட்டிலுக்கு மட்டும் ஏன் யோசிக்கவில்லை என்று எனக்கு இன்னும் கோபம்தான்.

பம்ப் வாங்கிப் போடலாமே என்பீர்கள். போட்டுப் பார்த்தேன். அமுக்கினால் அளவாக வருகிறது, ஆனால் மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கி நிற்கும், அது காய்ந்து அடைக்கும், அடுத்த முறை அமுக்கும்போது பக்கவாட்டில் பீய்ச்சும். அடியில் குழாய் எட்டாத இடத்தில் சரக்கும் நின்றுவிடும். ஏர்லெஸ் பம்ப் என்று ஒன்று உண்டு, அதில் குழாயே கிடையாது, மேலே சரக்கு போகப்போக அடித்தட்டு தானாக மேலேறும், வெளிக்காற்றின் அழுத்தம்தான் அதைத் தள்ளுகிறது. அருமையான சாமான். விசாரித்தால் ஐயாயிரம் எண்ணத்துக்குக் குறைந்து தர மாட்டோம் என்றார்கள். ஐயாயிரம் பாட்டிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, மொட்டைமாடியில் காயப்போடவா?

அப்புறம்தான் அம்மாவின் சாந்து பாட்டில் கண்ணில் பட்டது. மூடியோடு சேர்ந்த பிளாஸ்டிக் குச்சி, கட்டைவிரல் உயரத்துக்கு பாட்டில். அம்மா குச்சியை எடுத்ததும் நெற்றிக்குப் போக மாட்டாள், பாட்டில் வாயில் இரண்டு பக்கமும் ஒரு தேய்ப்பு. நாற்பது வருஷப் பழக்கம். தேய்க்காமல் எடுத்தால் பொட்டு மூக்கு வரை வழியும். தேய்த்துத் தேய்த்து வாயைச் சுற்றிச் சாந்து பொருக்காகிவிடும், மூடி இறுகாது, பீரோவில் அம்மா பாட்டில் வைக்கிற தட்டு முழுக்கச் சிவப்பு வட்டங்கள்.

அதே வேலையை, கண் இமை முடிக்குப் பூசுகிற மஸ்காராவில் நாம் செய்வதில்லை. ஏன் என்று ஒரு பழைய மஸ்காராவைப் பிளேடால் நெடுக்காக அறுத்துப் பார்த்தேன் (கை முழுக்கக் கறுப்பு, இரண்டு நாள் போகவில்லை). கழுத்துக்குள் ஒரு மெல்லிய வளையம் செருகியிருக்கிறார்கள், பிரஷ் வெளியே வரும்போது அந்த வளையத்தின் உதடு அதிகப்படியை வழித்து உள்ளேயே தள்ளிவிடுகிறது. முன்பெல்லாம் மஸ்காரா சோப்புக்கட்டி மாதிரிதான், ஈர பிரஷால் தேய்த்துப் போட வேண்டும். 1950களின் கடைசியில் ஹெலனா ரூபின்ஸ்டீன் நிறுவனம் குழாயும் குச்சியுமாகக் கொண்டுவந்த பிறகுதான் இப்போதைய உருவம் பரவியது.

என் தம்பி மதுரைப் பக்கத்து கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் பட்டறையில் மோல்டிங் பார்க்கிறான். மதுரைக்கும் ரப்பருக்கும் பழைய சொந்தம், புஷ், பீடிங், வாஷர் என்று இங்கே ஆகாதது இல்லை. அறுத்த மஸ்காராவை அவனிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யக்கா, இது நம்ம பைக் ஃபோர்க்குல இருக்க ஆயில் சீல்தான், இதுக்கா இம்புட்டு யோசனை?" என்றான். உண்மைதான். முன்சக்கர ஃபோர்க் ஒவ்வொரு பள்ளத்திலும் ஏறி இறங்கும்போது தண்டில் ஒட்டிய எண்ணெயை ஒரு ரப்பர் உதடு வழித்து உள்ளே தள்ளுகிறது. சீல் கிழிந்தால் ஃபோர்க் முழுக்க எண்ணெய் வழியும். மஸ்காராவுக்கும் பைக்குக்கும் ஒரே வைத்தியம்.

ஆனால் ஃபவுண்டேஷனுக்குக் குச்சி ஒத்துவராது. ஒரு முகத்தில் பட்டது மறுபடி பாட்டிலுக்குள் போகக் கூடாது, இது எங்கள் தொழிலில் முதல் பாடம். வாயில் உருளுகிற பந்து வைத்த ரோல்-ஆனும் இதனால்தான் அடிபட்டது. பால்பாயின்ட் பேனாவைப் பார்த்து உண்டான யோசனை அது, 1952-ல் அமெரிக்காவில் டியோடரன்ட்டாக வந்தது, அக்குளில் ஒரே ஆள் தேய்த்துக்கொள்ள நல்லது. பத்துப் பொண்ணு முகத்தில் ஒரே பந்தை உருட்ட முடியுமா? ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒரு சாஷே என்றும் யோசித்தேன். சாமான்களைச் சின்னச் சின்ன சாஷேயில் அடைத்து விற்கிற யோசனைக்கு வழிகாட்டிய சின்னிகிருஷ்ணன் நம்ம கடலூர்க்காரர் இல்லையா. மூலையைக் கிழிக்கக் கத்தரி இல்லாத அறையில் பல்தான் கத்தரி, லிப்ஸ்டிக் போட்ட வாயோடு அது சரிப்படவில்லை.

அப்புறம் மெடிக்கலில் ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச். அளவுக்கு அதை அடிக்க ஆளில்லை, ஒரு முகத்துக்கு நான் எவ்வளவு செலவழிக்கிறேன் என்பதே அதில்தான் முதல் தடவை தெரிந்தது. முக்கால் மி.லி. போதும், நான் இத்தனை வருஷம் ஒன்றரைக்கு மேல் எடுத்துப் பாதியை ஸ்பாஞ்சுக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அமுக்குவதை நிறுத்திய பிறகும் நுனியிலிருந்து வால் மாதிரி வந்துகொண்டே இருக்கும். சிரிஞ்சின் தண்டு நுனியில் அழுந்திய ரப்பர் விரிகிறது, அது தள்ளுகிறது. மருதாணிக் கோன் போடுகிற பெண்கள் கோட்டை முடிக்கும்போது கையைத் தளர்த்தி நுனியைச் சுருக்கென்று தூக்குவார்களே, அது இதற்குத்தான்.

எனக்கு விஷயம் புரிந்தது இந்த வாலைப் பார்த்த அன்றைக்குத்தான். அசிங்கம் எல்லாம் நிறுத்திய பிறகு வருகிறது. டீக்கடையில் பாருங்கள், மாஸ்டர் உயரத் தூக்கி வேகமாக ஆற்றும்போது ஒரு சொட்டு சிந்தாது. நாம் வீட்டில் பயந்து பயந்து டம்ளரை மெதுவாகச் சாய்த்தால் டீ விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கமாக ஒழுகி மேசைக்கு வரும். வேகம் குறைகிற இடத்தில்தான் திரவம் விளிம்போடு ஒட்டுகிறது. விளிம்பு உருண்டையாகத் தடித்திருந்தால் இன்னும் மோசம். ஆக எனக்கு வேண்டியது சட்டென்று வெட்டுகிற வாய்.

அது தலைகீழாக நிற்கிற சாஸ் பாட்டிலில் ஏற்கெனவே இருக்கிறது. மூடியைத் திறந்து கவிழ்த்தாலும் கொட்டாது, அமுக்கினால் வரும், விட்டால் பட்டென்று நின்றுவிடும். உள்ளே பார்த்தால் ஒரு ரூபாய்க் காசை விடச் சின்ன சிலிக்கான் வட்டு, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கீறல். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பால் பிரவுன் என்பவர் ஷாம்பு பாட்டிலை மனதில் வைத்துச் செய்தது, ஹெய்ன்ஸ் 2002-ல் கெச்சப்பைத் தலைகீழாக நிறுத்தியதும் உலகமே பார்த்தது.

தம்பி சிலிக்கானில் பத்து வட்டு அடித்துக் கொடுத்தான், கீறலை நானே பிளேடால் போட்டேன், 3 மி.மீ.க்கு வரவில்லை, 5-க்கு ஒழுகியது, 4 சரியாக நின்றது. பஞ்சுமிட்டாய் கிடைத்த பிள்ளை மாதிரி இருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் வட்டு ஊதி, கீறலின் உதடுகள் வெற்றிலை வாடியது போலச் சுருண்டு கிடக்கின்றன. நான் வைத்திருந்த ஃபவுண்டேஷன் சிலிக்கான் எண்ணெயில் செய்தது. சிலிக்கான் ரப்பர் சிலிக்கான் எண்ணெயைக் குடித்து ஊதும், இதைத் தம்பி முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கேட்டால், "நீ உள்ள என்ன ஊத்தப்போறன்னு சொல்லவே இல்லையேக்கா" என்கிறான். அதுவும் சரிதான், நான் பாட்டில் பின்னால் எழுதியிருப்பதைப் படிக்கவே இல்லை.

நைட்ரைல் ரப்பர் இந்த எண்ணெயைத் தாங்கும். ஆனால் ஆயில் சீலுக்குப் போடுகிற கறுப்பு நைட்ரைலை முகத்தில் படுகிற பொருளுக்குள் போட எனக்கு மனசு வரவில்லை, நாற்றமும் அடிக்கும். பால் பண்ணை மெஷின்களுக்குப் போடுகிற உணவுத்தர வெள்ளை நைட்ரைல் இருக்கிறது என்று தம்பியே தேடிப் பிடித்தான். அதில் அடித்த வட்டு நாலு மாசமாக என் பையில் இருக்கிறது, இதுவரை ஊதவில்லை.

இப்போதைய உருவம் இதுதான். அமுக்கினால் அமுங்கியபடியே இருக்கிற லேமினேட் டியூப், 15 மி.லி. பிடிக்கும். வெறும் பிளாஸ்டிக் டியூப் மறுபடி விரிந்து காற்றை இழுக்கும், அதோடு பிரஷ் தொட்ட மிச்சத்தையும் உள்ளே இழுக்கும், அதனால் அது வேண்டாம். வாயில் வெள்ளை வட்டு. வட்டைச் சுற்றி பட்டன் அளவுக்கு ஒரு குழி. ஒரு அமுக்குக்குக் குழி நிறையும், கால் மி.லி., பிரஷை அதில் ஒற்றி எடுத்துக்கொள்ளலாம், கையில் தட்டு பிடிக்க வேண்டியதில்லை. மூணு குழி ஒரு முகம். குழியில் மிஞ்சியதை டிஷ்யூவால் ஒரு துடைப்பு.

மூடியின் உள்ளே குழிக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு முளை வைத்திருக்கிறோம், அது சித்திரை வெயில் சொல்லிக் கொடுத்தது. ஏ.சி. அறையில் 25 டிகிரியில் மூடிய பாட்டில் ஸ்கூட்டி டிக்கியில் 45 டிகிரிக்குப் போனால் உள்ளே இருக்கிற 10 மி.லி. காற்று கிட்டத்தட்ட 0.7 மி.லி. கூடுதல் இடம் கேட்கும். அவ்வளவு சரக்கையும் வெளியே தள்ளிவிட்டுத்தான் ஓயும். எத்தனை பையை இப்படி நாசமாக்கியிருக்கிறேன், பாட்டில் கவிழ்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது டியூபை நிரப்பும்போதே காற்றைப் பிதுக்கி எடுத்துவிடுகிறோம், மீதிக்கு முளை கீறலை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கிறது.

டிசைன் பதிவு செய், 10 வருஷம் உரிமை, அப்புறம் 5 வருஷம் நீட்டிக்கலாம் என்று தம்பி சொல்லிக்கொண்டே இருக்கிறான். பதிவுக்கு முன்னால் ஊருக்குச் சொல்லிவிட்டால் புதுசு என்று கேட்க முடியாது, இதோ நான் சொல்லியாயிற்று. வட்டும் பழசு, முளையும் பழசு, ஆயில் சீல் அதைவிடப் பழசு, இதில் நான் எதற்கு உரிமை கொண்டாட. யாராவது செய்து மலிவாக விற்றால் நானே முதலில் வாங்குவேன்.

இன்னும் சரியாகாதது டியூபை நிரப்புகிற வேலை. கண்ணாடி பாட்டிலிலிருந்து டியூபுக்கு மாற்ற அந்த சிரிஞ்சைத்தான் பயன்படுத்துகிறேன், அதில் மட்டும் ஒரு தடவைக்கு ஒரு முகத்துக்கான சரக்கு வீணாகிறது. போன வாரம் சமையலறை மேடையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தபோது, தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "அம்புட்டையும் அதுல மாத்துறதுக்கு எம்புட்டுச் சிந்துற பாரு" என்றாள்.