மாட்சுமோட்டோ கோட்டையில் ஒரு பகல்

ஜப்பானின் நகானோ மாகாணத்தில் இருக்கிறது மாட்சுமோட்டோ. கோட்டை மலைமேல் இல்லை, சமதளத்தில், அகழிக்கு நடுவே நிற்கிறது. பின்னால் ஜப்பானின் வடக்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர். வெளியே ஐந்து அடுக்குதான் தெரிகிறது. உள்ளே போனால் ஆறு தளம். மூன்றாவது தளத்துக்கு ஜன்னலே கிடையாது, வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

படிகளைச் சொல்லியே ஆகவேண்டும். செங்குத்தான இடத்தில் 61 டிகிரி சாய்வு. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஏறினேன். கால்பட்டுத் தேய்ந்த மரம் வழவழவென்று இருக்கிறது. வெளிச்சுவரின் கறுப்புப் பலகைகளுக்கு வருடாவருடம் மரப்பாலில் செய்த மெருகைப் புதிதாகப் பூசுகிறார்கள்.

போருக்காகக் கட்டிய கோபுரத்தின் ஓரத்திலேயே, சண்டை ஓய்ந்த பிறகு 1630களில், நிலா பார்ப்பதற்கென்று மூன்று பக்கமும் திறந்த ஒரு மண்டபத்தைச் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

இந்தக் கோபுரம் 1872இல் ஏலத்தில் போய், இடிபட இருந்தது. இச்சிகாவா ரியோசோ என்ற உள்ளூர்க்காரர் கோட்டைக்குள்ளேயே கண்காட்சி நடத்திப் பணம் திரட்டி மீட்டார். அவரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அப்புறம், போகிறவர்கள் பக்கத்து அசுமினோவை விட்டுவிடாதீர்கள். பனியுருகி வரும் ஊற்றுநீரில் வசாபி என்ற காரமான கிழங்கைப் பயிரிடுகிறார்கள். அதைத் துருவிப்போட்டு சோபா நூடுல்ஸ் சாப்பிடுங்கள், அவ்வளவு ருசி.