கல்வாயில் ஓவியத்திலிருந்து முப்பரிமாண மாதிரி: மூன்றாம் முயற்சி

பாழடைந்த கல்வாயில் ஒன்றையும் அதன் பக்கவாட்டில் ஏறும் படிக்கட்டையும் காட்டும் என் பென்சில் ஓவியத்தைப் பிளெண்டர் என்னும் கணினி மென்பொருளில் முப்பரிமாண மாதிரியாக்கும் வேலை, மூன்றாம் முயற்சியில்தான் ஓரளவு வடிவம் பெற்றிருக்கிறது. முதல் இரண்டு முயற்சிகளும் ஒரே இடத்தில் நின்றுபோயின. ஓவியத்தைக் கேமராவுக்குப் பின்புலப் படமாக வைத்து, வாயிலின் உயரம் 4 மீட்டர் என்று கண்மதிப்பாகக் கொண்டு கட்டினேன். கேமராவை எங்கே நகர்த்தினாலும், வாயில் பொருந்தும்போது தரை விலகியது, தரை பொருந்தும்போது வாயில் விலகியது.

விடை ஓவியத்திலேயே இருந்தது. அளவு தெரிவதற்காக நான் வரைந்திருந்த மனித உருவத்தின் கண்களின் வழியாகத் தொடுவானக் கோடு செல்கிறது. சமதரையில் அந்தக் கோடு பார்ப்பவரின் கண்மட்டமே என்பதால், அதே தரையில் நிற்கும் எந்தப் பொருளையும், அது அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், தரையிலிருந்து அதே உயரத்தில்தான் வெட்டும். கண்மட்டத்தை 1.6 மீட்டராக எடுத்துக்கொண்டேன். வாயிலின் கால் பங்கு உயரத்தில் கோடு வெட்டுகிறது. ஆகவே வாயில் 6.4 மீட்டர். தாளின் மேல் ஓர் அளவுகோலை வைத்திருந்தால் முதல் நாளே இது தெரிந்திருக்கும்.

கேமராவிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. பிளெண்டரின் இயல்பான 50 மில்லிமீட்டர் குவியத் தூரம் கிடைமட்டத்தில் சுமார் 40 பாகையை மட்டுமே காட்டுகிறது. என் ஓவியத்தில் இரு மறைபுள்ளிகளும், அதாவது இணையான விளிம்புகள் தொலைவில் ஒன்றுசேர்வதாகத் தோன்றும் இடங்களும், தாளின் ஓரங்களுக்குச் சற்று வெளியிலேயே இருந்தன. அவ்வளவு நெருக்கம் அகன்ற பார்வைக்கே உரியது. 24 மில்லிமீட்டருக்கு மாற்றியதும் பக்கச் சுவர்கள் கோட்டோடு கோடாக அமர்ந்தன.

வாயில் வளர்ந்ததும் படிக்கட்டு பொய்யாகிவிட்டது. அது வாயிலின் பாதி உயரம், அதாவது 3.2 மீட்டர், ஏற வேண்டும். நான் வரைந்திருந்தவையோ 10 படிகள். ஒரு படிக்கு 32 சென்டிமீட்டர் என்றால் மனிதர் இயல்பாக ஏற முடியாது. 20 படிகளாக்கி, ஒவ்வொன்றையும் 16 சென்டிமீட்டரில் அமைத்தேன். ஆனால் ஓவியத்தின் அகலமான நிழற்பட்டைகள் மறைந்து, படிக்கட்டு சீப்பின் பற்களைப் போல நெருக்கமாகத் தெரிந்தது. இடையிடையே சில படிகளை உடைத்துச் சரித்த பிறகே அந்தப் பழைய கனம் திரும்பியது. ஓவியத்தின் அளவைக் கைவிடலாம், அதன் ஒளிநிழல் அமைப்பைக் கைவிடக் கூடாது என்பதே இந்த இடத்தில் நான் எடுத்த முடிவு.

கற்களுக்கு ஐந்து வடிவங்களை மட்டும் செதுக்கி, திருப்பித் திருப்பி அடுக்கியிருக்கிறேன். டெக்ஸ்சரின், அதாவது கற்பரப்பின் மேல் போர்த்தும் படத்தின், அடர்த்தி எங்கும் மீட்டருக்கு 512 பிக்சல். வலப்புற மூலையில் கற்குவியல் என்று நான் நம்பியிருந்த பகுதி, கிட்டப் பார்த்தால் வெறும் கிறுக்கல். அதில் மாதிரியாக்குவதற்கு வடிவமே இல்லை. அந்த மூலைக்கு மட்டும் மேலிருந்து பார்க்கும் தள வரைபடம் ஒன்றைத் தனியாக வரைந்துகொண்டிருக்கிறேன்.