அறுபத்து மூன்றாவது அடி

கியோட்டோவில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சிறிய புத்தக் கோயில் இருக்கிறது. டிசம்பர் 31 இரவு அங்கே போய் யார் வேண்டுமானாலும் மணி அடிக்கலாம். வரிசைச் சீட்டு வாங்கிக்கொண்டு குளிரில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இந்த முறை என் எண் 63. எனக்குப் பின்னால் 64 ஆக, பக்கத்து வீட்டுப் பாட்டி.

மொத்தம் 108 அடி. ஆசை, சினம், மயக்கம் என்று மனிதரைப் பிடித்தாட்டும் 108 அழுக்குகளும் அடிக்கு ஒன்றாகக் கழியும் என்பது நம்பிக்கை. அம்மாவின் ஜபமாலையை எண்ணி வளர்ந்த எனக்கு 108 என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மணிதான் புதிது. அதற்கு நா கிடையாது. வெளியே கயிற்றில் படுக்கைவாட்டில் தொங்கும் மரத்தடியைப் பின்னுக்கு இழுத்து விட்டால், வெண்கலத்தில் தாமரையாக வார்த்த வட்டத்தில் போய் மோதுகிறது. முதல் ஆண்டு, ஊர்க் கோயில் மணியை அடிக்கும் பழக்கத்தில் உடனே மறுபடி இழுக்கப் போனேன். பிக்கு கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கார்வை நீள்கிறது, அலை அலையாகத் துடிக்கிறது, தேய்கிறது. அது முழுக்க அடங்கிய பிறகே அடுத்த அடி. அடிப்பதைவிட அந்தக் காத்திருப்பைத்தான் நான் வழிபாடாக உணர்கிறேன்.

சியோன்-இன் கோயிலின் பெருமணியையும் ஒருமுறை பார்த்தேன். 1636இல் வார்த்தது, ஏறத்தாழ 70 டன். 17 பிக்குகள் சேர்ந்து கயிறு இழுக்கிறார்கள். ஒருவர் ஒவ்வோர் அடிக்கும் மல்லாந்து விழுந்து தொங்குகிறார். கண்கொள்ளாக் காட்சி. ஆனாலும் என் மனம் தெருக்கோடி மணியிடமே திரும்புகிறது.

வரிசையில் நிற்கும்போது பாட்டி தன் சிறுவயதைச் சொன்னார். 1941இல் உலோகம் திரட்ட அரசாணை வந்தது. போர் முடிவதற்குள் நாட்டின் கோயில் மணிகளில் பெரும்பாலானவை போய்விட்டன. அவர் கிராமத்து மணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். மணிமண்டபம் நிலைகுலையாமலிருக்க அந்த இடத்தில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்களாம். கும்பிட்ட மணியைப் போர்க்கருவிக்கு உருக்கியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

"ஆண்டு முடியும் இரவில் கல்லின் முன்னால் நின்று கைகூப்பினோம். ஓசையே இல்லை" என்றார்.

என் முறை வந்தது. அடித்தேன். பாட்டி என் கைப்பிடியை விடாமல் கண்மூடி நின்றார். எனக்கு ஒலி நின்றுவிட்ட பிறகும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் கையை விட்டுக் கயிற்றைப் பற்றினார்.