கிட் பையைத் தூக்குகிறவர்மேல் விழுந்த சந்தேகம்

சென்னை லீக்கில் ஆடும் கிரிக்கெட் கிளப் ஒன்றின் அலுவலகத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டேன். அங்கே அப்படி என்ன ரகசியம் இருந்துவிடப் போகிறது என்று நண்பர்கள் கேட்பார்கள். நிறையவே இருந்தது. அடுத்த சீசனுக்கு எந்த ஆட்டக்காரரை எந்தக் கிளப்பிலிருந்து இழுக்கப் பேச்சு நடக்கிறது, வெளிமாநிலத்திலிருந்து வருகிறவருக்கு எவ்வளவு தொகை, யாருக்கு ஸ்பான்சர் நிறுவனத்தில் வேலை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், யாருடைய முழங்கால் ஸ்கேன் என்ன சொல்கிறது. இவற்றில் தொகை விவரம் மட்டும் வெளியே கசிந்தால் போதும். ஓய்வறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

நான் பார்த்தவரையில், ஒரு தகவல் வெளியே போய்விட்டது என்று தெரிந்ததும் சந்தேகம் எப்போதும் கீழ்நோக்கித்தான் ஓடும். எங்கள் வேகப்பந்து வீச்சாளர் ஒருவருக்குத் தொடையின் பின்பக்கத் தசையில் கிழிசல். முக்கியமான ஆட்டம் என்பதால் கட்டுப்போட்டு இறக்கினார்கள். எதிரணிக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில் அவரைப் பந்து வீசும் முனைக்குப் பக்கத்திலுள்ள மிட்-ஆன் இடத்தில் நிறுத்தினார் கேப்டன். முதல் சில ஓவர்களிலேயே விஷயம் புரிந்துவிட்டது. எதிரணி மட்டையாளர்கள் வேண்டுமென்றே அவர் பக்கம் பந்தைத் தட்டிவிட்டு, ஒன்று ஓட வேண்டிய இடத்தில் இரண்டு ஓடினார்கள். மறுமுனையில் நின்றவர் “இரண்டு இருக்கிறது, இரண்டு இருக்கிறது” என்று பந்து அடிக்கப்படும் முன்பே கத்திக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே விசாரணை. ஸ்கேன் மையத்திலிருந்து ரிப்போர்ட்டை வாங்கிவந்தவர் யார் என்று செயலாளர் கேட்டார். வாங்கிவந்தவர் கிட் பைகளைத் தூக்கி, வலை கட்டி, ஆட்டக்காரர்களுக்கு டீ வாங்கித்தரும் மனிதர். செயலாளரைவிட வயதில் மூத்தவர். ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் ‘அண்ணே’. அவரை நிற்கவைத்தே கேள்வி கேட்டார்கள். “சார், ஒட்டிய உறையை ஒட்டியபடியே வாங்கினேன், ஒட்டியபடியே உங்கள் மேஜையில் வைத்தேன். எனக்கு அதைப் படிக்கவும் தெரியாது” என்றார். கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்களுக்குக் கூலியும் கிடையாது.

உண்மை தானாகவே வந்தது. கமிட்டி உறுப்பினர் ஒருவர், பேச்சுவாக்கில், ஒரு கல்யாண வரவேற்பில் எதிரணி நிர்வாகியோடு பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டதைச் சொன்னார். “நம் பையன் காலில் கட்டோடு ஆடப்போகிறான், அப்பேர்ப்பட்ட அர்ப்பணிப்பு என்று பெருமையாகத்தானே சொன்னேன்?” அவருக்கு அதில் தவறே தெரியவில்லை. கமிட்டியில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். அண்ணனை மறுபடி வரச்சொன்னார்கள். வருத்தம் தெரிவிக்கும் வேலையை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பின் விளையாட்டுலகில் இத்தகைய செய்தி எது வந்தாலும் சம்பந்தப்பட்டவர் எந்த நாற்காலியில் இருந்தவர் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. 2013 ஐபிஎல் விவகாரத்தில் சென்னை அணியின் நிர்வாகத்தில் இருந்தவர் பந்தயம் கட்டியதும் அணித் தகவல்களை வெளியே சொன்னதும் நிரூபணமானதாக உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி முட்கல் குழு 2014-ல் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து அந்த அணியால் 2016, 2017 சீசன்களில் ஆடவே முடியவில்லை. ஜிம்பாப்வேயின் ஹீத் ஸ்ட்ரீக் முன்னாள் கேப்டன், பயிற்சியாளர். உள்தகவல்களை வெளியாளிடம் சொன்னது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு 2021-ல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசியின் 8 ஆண்டுத் தடையை ஏற்றார். அவருக்குக் கிடைத்தவை பிட்காயினும் ஓர் ஐபோனும். தேசிய அணியின் பயிற்சியாளருக்கு ஓர் ஐபோன்!

அமெரிக்க பேஸ்பாலில் நடந்தது இன்னும் விசித்திரம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கிளப்பை விட்டு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்குப் போன ஒரு ஊழியர், விதிப்படி தன் மடிக்கணினியைக் கடவுச்சொல்லோடு பழைய கிளப்பிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். புதிய இடத்திலும் அவர் கிட்டத்தட்ட அதே மாதிரியான கடவுச்சொல்லைத்தான் வைத்திருப்பார் என்று கணித்தார் பழைய கிளப்பின் அதிகாரி கிறிஸ் கொரியா. கணிப்பு பலித்தது. ஆட்டக்காரர்கள் பற்றிய மதிப்பீடு, மருத்துவ விவரம், பரிமாற்றப் பேச்சுவார்த்தை என ஆஸ்ட்ரோஸ் சேர்த்துவைத்திருந்த தரவுத்தளம் முழுவதும் அவர் கண்முன் வந்தது. 2014-ல் அந்தத் தரவுத்தளத்தைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரை வந்ததும் ஆஸ்ட்ரோஸ் உஷாராகி அதன் இணைய முகவரியையும் எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்றியது. மாற்றிய கையோடு இரண்டையும் ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பியது. கொரியா உட்கார்ந்திருந்ததே அந்த மின்னஞ்சல் பெட்டிக்குள்தான். 2016-ல் அவருக்கு 46 மாதச் சிறை. அடுத்த ஆண்டு கார்டினல்ஸ் 20 லட்சம் டாலரும், புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு முதன்மை வாய்ப்புகளும் ஆஸ்ட்ரோஸுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த மின்னஞ்சல் கதையைப் படித்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் நினைவுக்கு வந்தன. கிளப் மாறிப்போன ஆட்டக்காரர்கள் பழைய குழுக்களில் அப்படியே இருந்தார்கள். நீக்கினால் மனம் கோணும் என்று யாரும் தொடுவதில்லை. பயிற்சி நேரமும் ஆடும் பதினொருவர் பட்டியலும் இயன்முறை மருத்துவரான பிசியோவின் குறிப்பும் அந்தக் குழுக்களில்தான் வரும். மரியாதைக்காக விட்டுவைத்த எண்கள் அவை. ஒரு சீசன் முடிந்ததும் குழுவையே கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். யாரையும் நீக்க வேண்டிய சங்கடமும் இல்லை.

அந்த வீச்சாளரின் நிலைதான் என்னை அதிகம் உறுத்தியது. கிளப் இழந்தது ஓர் ஆட்டம். ‘அவனுக்குத் தொடை நிற்காது’ என்ற பேச்சு பரவிவிட்டதால், காயம் ஆறி முழு வேகத்தில் வீசத் தொடங்கிய பிறகும் அடுத்த சீசனுக்குப் பேச வந்த கிளப்புகள் தொகையை அதைச் சொல்லியே குறைத்தன. அவருடைய உடம்பைப் பற்றிய தாள் அது. கல்யாணப் பந்தியில் பேசப்படுவதற்கு அவர் சம்மதம் கொடுத்ததில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-ல் நாட்டில் சட்டமே வந்துவிட்டது. கிளப் கமிட்டிகளில் அதை எத்தனை பேர் புரட்டிப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நான் அங்கிருந்து விலகுவதற்கு முன், ஸ்கேன் ரிப்போர்ட்டையும் தொகைப் பட்டியலையும் பயிற்சியாளர், பிசியோ, செயலாளர் தவிர வேறு யாரும் பார்க்க வேண்டியதில்லை என்று ஒரு குறிப்பு எழுதிக்கொடுத்தேன். கமிட்டிக் கூட்டத்தில் அதை வாசித்தார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்: “இதெல்லாம் எங்களுக்கே தெரியக்கூடாது என்றால் நாங்கள் எதற்குத் தம்பி கமிட்டியில் இருக்கிறோம்?”

குறிப்பை ஒத்திவைத்தார்கள். கிட் பை தூக்குகிறவர்களும் மைதானப் பணியாளர்களும் ஆட்ட நாளில் கைப்பேசியை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும் என்ற தீர்மானம் மட்டும் அதே கூட்டத்தில் ஒருமனதாக நிறைவேறியது.