‘நீ விழுந்துவிட்டாய், படு’

2024 ஆகஸ்டில் கேரளத்தின் வயநாட்டு நிலச்சரிவுச் செய்திகள் வந்துகொண்டிருந்த நாள்களில், அல்சூர் ஏரிக்கரையில் என்னோடு காலை நடைக்கு வரும் நண்பர்கள், நான் படையில் பயிற்றுநராக இருந்தவன் என்பதால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: அத்தனை சேற்றுக்கும் அழுகைக்கும் நடுவே, மீட்புக்குப் போன அந்தப் படைவீரப் பிள்ளைகளால் எப்படி நிதானமாக வேலை பார்க்க முடிந்தது? நடந்துகொண்டே நான் சொன்ன பதில்கள் எனக்கே நிறைவு தரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 30 அதிகாலை நேர்ந்த அந்த நிலச்சரிவில் சூரல்மலையை முண்டக்கையோடு இணைத்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. நம் பெங்களூரிலிருந்து போன, மெட்ராஸ் சாப்பர்கள் என்றும் அழைக்கப்படும் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் என்ஜினியர் குரூப் வீரர்கள் ஆகஸ்ட் 1 மாலைக்குள் அங்கே 190 அடி நீளமுள்ள பெய்லி பாலத்தைக் கட்டி முடித்தார்கள். ஆயத்தமாகச் செய்து வைத்த இரும்புச் சட்டங்களை அந்த இடத்திலேயே ஒன்றோடொன்று பூட்டிக் கட்டுவதுதான் பெய்லி பாலம். பேனல் எனப்படும் அந்தச் சட்டம் ஒன்று 10 அடி நீளமும் ஏறத்தாழ 260 கிலோ எடையும் கொண்டது. ஆறு பேர் சேர்ந்து அதைத் தூக்கி, முந்தைய பேனலின் துளையோடு துளை பொருத்தி, இரும்பு ஆணியை அடித்து இறக்கி, அதன் முனையில் கிளிப்பை மாட்ட வேண்டும். பிறகு மொத்தத்தையும் உருளைகளின் மேல் வைத்து ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தள்ள வேண்டும். மழையிலும் இருட்டிலும் கைகள் தாமாக அந்தத் துளையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை இதை நாங்கள் நூறு முறை செய்யச் சொல்வோம். இத்தகைய பழக்கம் மனிதனை இயந்திரமாக்கிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் கண்டது அதற்கு நேர்மாறானது. கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்போதுதான் கரையின் மண் கரைகிறதா, நீர்மட்டம் ஏறுகிறதா என்று கவனிக்கக் கண்ணுக்கும் மனத்துக்கும் ஓய்வு கிடைக்கிறது.

ஆனால் கைப்பழக்கம் பாதிதான். 1980களில் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்த கேரி கிளைன் என்னும் அமெரிக்க உளவியலாளர், அவர்கள் எரியும் கட்டடத்தின் முன் நின்று பல வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை என்றும், ‘இது முன்பு பார்த்த மாதிரி இருக்கிறது’ என்று அடையாளம் கண்டு, சரிப்படும் முதல் வழியையே பிடித்துக்கொள்கிறார்கள் என்றும் கண்டார். அப்படியானால் இருபது வயதுப் பையனுக்கு முன்பு பார்த்தது என்று என்ன இருக்கிறது? அதை உண்டாக்கித் தருவதுதான் பயிற்றுநரின் வேலை என்று நான் நம்புகிறேன்.

அதற்காக நாங்கள் செய்த ஒன்றைச் சொல்கிறேன். செக்‌ஷன் எனப்படும் பத்துப் பேர் கொண்ட சிறு படைக்குழு பயிற்சியில் முன்னேறிக்கொண்டிருக்கும்போது, அதன் தலைவனின் தோளைத் தட்டி, “நீ விழுந்துவிட்டாய், படு” என்பேன். அவன் படுத்துவிடுவான். துணைத் தலைவன் பொறுப்பேற்று ஐந்து நிமிடம் ஆனதும் அவனையும் படுக்க வைப்பேன். மூன்றாவதாக எவனும் எதிர்பாராத ஒருவன் எழுந்து கட்டளையிட வேண்டி வரும். தலைவன் காலையில், அந்த நிலப்பரப்பைச் சிறிதாக்கிக் காட்டும் மணல் மாதிரியின் முன் நின்று, “இந்த இடத்தை எதற்காகப் பிடிக்கிறோம்” என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தால், அந்த மூன்றாமவன் சமாளித்துவிடுவான். என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லியிருந்தால், திருதிருவென்று விழித்தபடி என் முகத்தைப் பார்ப்பான்.

இதைக் கற்பித்த நானே ஒரு முறை தவறினேன். முந்தைய இரவு மழை பெய்திருந்த ஒரு நாள், பாலப் பயிற்சியில் தள்ளும்படி குரல் கொடுத்தேன். ஒரு பக்கத்து உருளையின் அடிப்பலகை மண்ணில் இறங்கிப் பாலம் கோணிக்கொண்டது. யாருக்கும் அடிபடவில்லை, பின்னுக்கு இழுத்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினோம். அந்த உருளைக்கு அருகில் நின்ற பையனை மாலையில் அழைத்து, “தம்பி, பலகை இறங்கினதைப் பாத்தியா?” என்று கேட்டேன். “பாத்தேன் உஸ்தாத். நீங்க தள்ளச் சொல்லிட்டீங்க, அதனால…” என்று நிறுத்திக்கொண்டான். (பயிற்றுநரைப் படையில் உஸ்தாத் என்றுதான் அழைப்பார்கள்.) கண்ணெதிரே ஆபத்தைக் கண்டும் அவன் வாய் திறக்காததற்குக் காரணம் என் குரல்தான் என்பது அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் முதல், ஆபத்தைக் கண்டால் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று கத்தலாம், கத்தியது வீணாகப் போனாலும் திட்டு இல்லை என்று விதி வைத்தேன். பயிற்சி முடிந்தபின் மரத்தடியில் உட்கார்ந்து நடந்ததைப் பேசும்போது இளையவன் முதலிலும் நான் கடைசியிலும் பேசும் வழக்கம் அதன்பின் வந்ததுதான்.

இதே மெட்ராஸ் சாப்பர்களில் ஒருவரான சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோ அருகே, வெடிக்கப் போகும் கண்ணிவெடியின் மேல் பாய்ந்து உடனிருந்தோரைக் காத்து உயிர் நீத்தார். ஜார்ஜ் கிராஸ் என்னும் பிரிட்டிஷ் வீர விருது அவருக்கு மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது. அந்தத் தியாகத்தை எவராலும் கற்பிக்க முடியாது. எனினும் அவ்வகைக் கண்ணிவெடி தூண்டப்பட்டபின் சில நொடிகள் கழித்தே வெடிக்கும் என்னும் அறிவு பயிற்சியில் வந்தது. அந்த அறிவில்லாதவனுக்கு அந்தச் சில நொடிகள் இருப்பதே தெரிந்திருக்காது.

படைக்கு ஆள் சேர்க்க 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் பயிற்சிக் காலமும் சேர்த்து நான்கு ஆண்டுகளே பணி. நேரம் சுருங்கும்போது பயிற்சி அட்டவணையில் முதலில் வெட்டப்படுவது துப்பாக்கி சுடுவதோ ஓட்டமோ அல்ல, சும்மா உட்கார்ந்து பேசுவது போலத் தெரியும் அந்த மரத்தடி நேரம்தான் என்பதை என் பணிக்காலத்திலேயே கண்டிருக்கிறேன். இன்று பயிற்றுநராக இருக்கும் தம்பிகள் யாரேனும் இதைப் படித்தால், ஓட்டத்தில் இரண்டு கிலோமீட்டரைக் குறைத்தாவது அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.