சின்ன விசாரணைதானாம்

கார் கழுவும் கடையில் ஒருவர் ஈரத்துணியோடு நிற்கிறார். மாநிறம். பேசுவது ஸ்பானிஷ். முகமூடி போட்ட அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் வந்து இறங்கி 'பேப்பர் எங்கே?' என்று மடக்க இவ்வளவு போதுமா?

லாஸ் ஏஞ்சலஸில் 2025 கோடையில் இதுதான் வழக்கு. இனம், மொழி அல்லது உச்சரிப்பு, நிற்கும் இடம், செய்யும் வேலை. இந்த நான்கை மட்டும் வைத்து யாரையும் நிறுத்தக் கூடாது என்று ஜூலையில் மாவட்ட நீதிபதி தடை போட்டார். செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. பெரும்பான்மை காரணமே சொல்லவில்லை. அந்தத் தரப்பில் நீதிபதி கவனா மட்டும் தனியாக எழுதினார்: சட்டப்படி இருப்பவர்களுக்குப் பொதுவாக இது சின்ன விசாரணைதான், உடனே போய்விடலாம் என்கிற மாதிரி. (அவரை யாரும் நிறுத்தப் போவதில்லை என்பது வேறு விஷயம்.)

1975லேயே அதே நீதிமன்றம், மெக்சிகோ முகஜாடை மட்டும் போதாது, ஆனால் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. எல்லாம் அந்த 'ஆனால்' செய்த வேலை.

அந்தச் 'சின்ன விசாரணை' எப்படி இருக்கும்? 2007, அரிசோனா. செல்லுபடியாகும் விசாவோடு வந்த மெக்சிகோ சுற்றுலாப் பயணி ஒருவர் காரில் போகிறார். ஷெரிஃபின் (உள்ளூர் காவல் தலைவர்) ஆட்கள் நிறுத்தினார்கள். ஓட்டியவர் வெள்ளைக்காரர், அவரை விட்டுவிட்டார்கள். இவரை மணிக்கணக்கில் பிடித்து வைத்தார்கள். இவர் வழக்குப் போட்டார், 2013இல் தீர்ப்பு இவர் தரப்புக்கு வந்தது. அந்த வழக்கில் வந்த நீதிமன்ற உத்தரவை மதிக்காத அந்த ஷெரிஃப், ஆர்பையோ, 2017 ஜூலையில் குற்றவாளி என்றானார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிரம்ப் மன்னிப்பு கொடுத்துவிட்டார்.