மே மாத விடுமுறையில் ஆஸ்திரேலியா: எதைப் பார்ப்பது, எதை விடுவது

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய லீவு மே மாதத்தில்தான். ஆஸ்திரேலியாவில் அது இலையுதிர் காலத்தின் கடைசி மாதம். அங்கே போகத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து ஊர்களைக் குறிப்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். மாதத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்று நான் சொல்வேன். இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய நாடு. தெற்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கும் அதே நாளில் வடக்கே வியர்த்துக் கொட்டும். எல்லா இடத்துக்கும் தோதான மாதம் என்று ஒன்று அங்கே கிடையாது.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு ஆசை. பெண்ணுக்குப் பவளத்திட்டு, கணவருக்குக் கடலோரச் சாலையில் கார் ஓட்ட வேண்டும், எனக்கு உலுரு என்ற பெரும்பாறை. அத்தைக்கோ பெர்த்தில் இருக்கும் தம்பி மகனைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் மே மாதத்தோடு பொருத்திப் பார்த்தோம்.

உலுரு நடுப்பாலைவனத்தில் இருக்கிறது. ஜனவரியில் பகல் வெயில் 38 டிகிரி வாக்கில் போகும். பக்கத்தில் உள்ள கட்டா ஜுட்டா குன்றுகளில், அன்றைக்கு 36 டிகிரி அல்லது அதற்கு மேல் வெயில் இருக்கும் என்று முன்னறிவிப்பு வந்தால், காலை 11 மணிக்கே நடைபாதையின் பெரும்பகுதியை மூடிவிடுவார்கள். மே மாதத்தில் பகலில் 23 டிகிரி அளவுதான், நாள் முழுக்க நடக்கலாம். வடகிழக்கில், பவளத்திட்டுக்குப் படகு ஏறும் கெய்ர்ன்ஸ் பக்கம் மழை ஓய்ந்துகொண்டிருக்கும். கடலோரச் சாலைக்குக் கிளம்பும் மெல்போர்னில் குளிர் உண்டு, தாங்கக்கூடிய குளிர். ஆக, இந்த மூன்றும் சரி.

வடக்குக் கோடியில் இருக்கும் டார்வினை விட்டோம். அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். கக்காடு தேசியப் பூங்காவில் வெள்ளம் வடிந்து உள்பாதைகள் எல்லாம் திறக்க நாளாகும். சிட்னியையும் விட்டோம். அதற்கு எந்த மாதமும் பரவாயில்லை, இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

பெர்த் விஷயத்தில்தான் சிக்கல். "அவ்வளவு தூரம் போய்ட்டு அவனைப் பார்க்காம வரதா?" என்றார் அத்தை. மெல்போர்னிலிருந்து பெர்த் 2,700 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லி போவதைவிட ஒன்றரை மடங்கு தூரம். "அத்தை, போக வர ரெண்டு நாள் அதுலயே போயிடும்" என்று நான் இழுத்தேன். கடைசியில் தம்பி மகனே லீவு போட்டு மெல்போர்னுக்கு வந்து எங்களோடு தங்கினார். நாங்கள் எல்லோரும் போவதற்கு ஒருவர் வருவது எவ்வளவோ மேல்.

டிக்கெட் போடும்போது ஒன்று கவனியுங்கள். இறங்கின ஊரிலிருந்தே திரும்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நாங்கள் மெல்போர்னில் இறங்கி, உலுரு போய், கெய்ர்ன்ஸில் சிங்கப்பூர் விமானம் ஏறினோம். போன வழியே திரும்பும் செலவும் அலைச்சலும் மிச்சம். உலுருவுக்குப் பக்கத்தில் தங்குவதற்கு யுலாரா என்ற ஒரே ஒரு சிற்றூர்தான். அறைகளும் விமானங்களும் குறைவு. அதனால் அதை முதலில் உறுதி செய்துகொண்டு மற்ற தேதிகளை அதற்கேற்ப வையுங்கள்.

சாப்பாட்டுப் பொருள் கொண்டுபோனால் வருகைப் படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். அத்தையின் பருப்புப் பொடியையும் புளிக்காய்ச்சலையும் எழுதிக் காட்டினோம். அதிகாரி பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பச்சைக் கறிவேப்பிலை, பழம் எல்லாம் கூடாது. எழுதாமல் மாட்டினால் அபராதம் கடுமை.

கணவர் ஆசைப்பட்ட கடலோரச் சாலையான கிரேட் ஓஷன் ரோடு சுமார் 240 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள், போரில் இறந்த தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை மலையை வெட்டிப் போட்ட சாலை. நம்மைப் போலவே இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் கணவருக்குச் சிரமம் இல்லை. மெல்போர்னிலிருந்து காலையில் கிளம்பி இரவே திரும்பும் சுற்றுலாக்கள் நிறைய உண்டு. நான் அதைச் சொல்லமாட்டேன். மே மாதத்தில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், இருட்டினால் கங்காருக்கள் சாலைக்கு வரும். வழியில் ஓர் இரவு தங்குங்கள். நாங்கள் போர்ட் கேம்பெலில் தங்கி, விடிந்ததும், கடலில் தூண்களாக நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளுக்குப் போனோம், கூட்டமே இல்லை. பெயர்தான் பன்னிரண்டு, அத்தனை தூண்கள் இல்லை. 2005இல்கூட ஒன்று இடிந்து விழுந்தது. கடல் அந்தச் சுண்ணாம்புக் கல்லை இன்றைக்கும் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

உலுருவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. 348 மீட்டர் உயரம், சுற்றி நடக்கப் பத்தரை கிலோமீட்டர். படத்தில் வழவழப்பாகத் தெரியும் கல், கிட்டே போனால் துருப்பிடித்த தகடு மாதிரி செதில் செதிலாக இருக்கிறது. உண்மையிலேயே துருதான். கல்லில் உள்ள இரும்பு காற்றும் ஈரமும் பட்டுச் சிவந்திருக்கிறது. குகைகளுக்குள் கல்லின் அசல் சாம்பல் நிறத்தைப் பார்க்கலாம். மழைத்தண்ணீர் வழியும் தடங்கள் மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கோடுகளாக நிற்கின்றன. முட்டிஜுலு சுனைக்குப் போகும் வழியில், குனியா என்ற மலைப்பாம்புப் பெண் விஷப்பாம்பு வீரனோடு மோதிய கதையைப் பாறையிலுள்ள பிளவுகளையும் குழிகளையும் காட்டியே சொல்கிறார்கள். அத்தை அங்கே வெகுநேரம் நின்று கேட்டார்.

இந்த நிலம் இங்கத்திய பூர்வகுடிகளான அனங்கு மக்களுடையது. 1985இல் அரசு அவர்களிடம் திருப்பிக் கொடுத்தது. தங்கள் புனிதத் தலத்தின் மேல் ஏற வேண்டாம் என்று அவர்கள் பல காலம் கேட்டுக்கொண்டார்கள். 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதற்குத் தடை. சில இடங்களில் படம் எடுக்கக்கூடாது என்று பலகை இருக்கும். எடுக்காதீர்கள். நம் கோயில் கருவறைக்கு முன்னால் நாம் எப்படி நடந்துகொள்வோமோ அப்படித்தான் அங்கேயும்.

கெய்ர்ன்ஸில் கடற்கரையில் இறங்கிக் குளிக்கும் எண்ணம் வேண்டாம். மே வரை விஷ ஜெல்லிமீன்கள் இருக்கும், முதலை எச்சரிக்கைப் பலகைகளும் உண்டு. பவளத்திட்டுக்குப் படகில் போகும்போது உடல் முழுக்க மூடும் மெல்லிய உடை தருவார்கள், அதைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். கடல் குமட்டல் மாத்திரையைப் படகு ஏறும் முன்பே சாப்பிட்டுவிடுவது நல்லது. ஒரு நாள் டெயின்ட்ரீ மழைக்காட்டுக்கு ஒதுக்குங்கள். கேப் டிரிபுலேஷனில் காடு மணல்வரை இறங்கி வந்திருக்கிறது, அதற்கு எதிரே கடலில் பவளத்திட்டு.

லீவு டிசம்பர், ஜனவரியில்தான் கிடைக்கும் என்றால் இந்தத் திட்டம் உதவாது. உலுருவையும் வடக்கையும் விட்டுவிட்டு மெல்போர்ன், டாஸ்மேனியா தீவு என்று தெற்கிலேயே சுற்றுங்கள். ஏப்ரல் கடைசியில் கிளம்ப முடிகிறவர்களும் டாஸ்மேனியாவைச் சேர்க்கலாம். கிரேடில் மலையில் ஃபேகஸ் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறும் சமயம் அது. அதற்காகவே அடுத்த தடவை பிள்ளைகளின் தேர்வு முடிந்த கையோடு கிளம்புவது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.